ஒரே வேலை, வேறு கூலி: ‘கரிப்பு மணிகள்’, ‘சங்கதி’ ஆகிய படைப்புகளில் பெண் உழைப்பின் மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

உழைக்கும் பெண்ணின் கூலிக் குறைவை வறுமையின் ஒரு கூறாக மட்டும் காணும் போக்கு தமிழ்ப் புதினத் திறனாய்வில் நிலைத்துள்ளது. கூலி குறைவதற்கு முன்பே வேலை பிரிக்கப்பட்டுவிடுகிறது என்பதும், அப்பிரிவினையே கூலி வேறுபாட்டை இயல்பானதாகக் காட்டுகிறது என்பதும் இப்போக்கில் கவனம் பெறுவதில்லை. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் முன்வைக்கும் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை’ என்னும் கருத்தாக்கத்தின் எல்லையைச் சுட்டி, அவ்வெல்லைக்கு அப்பால் இருக்கும் உழைப்பை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, பாமாவின் ‘சங்கதி’ ஆகியவை எவ்வாறு பதிவு செய்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பால்வழி வேலைப் பிரிவினை, பெண்கூலி, சித்தாள், உப்பளம், தேயிலைத் தோட்டம், ராஜம் கிருஷ்ணன், பாமா.

முன்னுரை

உழைக்கும் மக்களைப் பற்றிய தமிழ்ப் புதினங்களை ஆராயும் ஆய்வேடுகளில் ஓர் அமைப்பு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. ‘பெண்களின் நிலை’ என்று ஓர் இயல். ‘தொழிலாளர் சிக்கல்கள்’ என்று மற்றோர் இயல். முதல் இயலில் பெண் பாத்திரம் குடிகாரக் கணவனாலும் மேற்பார்வையாளனாலும் துன்புறுகிறாள். இரண்டாம் இயலில் அவள் பெயர் மறைந்து, ‘தொழிலாளர்’ என்னும் பன்மைக்குள் கரைந்துவிடுகிறாள். அவள் ஏன் அந்த வேலையில் இருக்கிறாள், அந்த வேலைக்கு ஏன் அந்தக் கூலி என்னும் வினா மட்டும் இரண்டு இயல்களுக்கும் நடுவே நழுவி விழுகிறது.

இவ்வினா நழுவுவதற்குப் படைப்புகளும் ஓரளவு காரணம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்நிகழ்வுக்குப் பின்னணியாக இருந்தது நெற்கூலி பற்றிய போராட்டம். அதைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) கூலிப் பிணக்கைப் பின்தள்ளி நிலவுடைமையாளரின் உளச்சிக்கலை முன்னிறுத்தியது என்று வெளிவந்த காலத்திலேயே கண்டிக்கப்பட்டது. அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் கண்டித்தவர்களும் ‘கூலி’ என்று பொதுவாகப் பேசினார்களேயன்றி, உழவுக்கு ஒரு கூலியும் நடவுக்கு ஒரு கூலியும் ஏன் இருந்தன என்று கேட்கவில்லை. நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு, உழவும் வரப்பு வெட்டும் ஆணுக்கு என்பது பொழுது விடிவதுபோல் இயல்பானதாகக் கொள்ளப்பட்டது.

சட்டம் காணும் வேலை

இந்திய அரசமைப்பின் 39ஆம் உறுப்பு, ஆண் பெண் இருபாலர்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறியாக வகுத்தது. ‘சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை (1951) இந்தியா 1958இல் ஏற்றது. இருப்பினும் இதற்கெனத் தனிச் சட்டம் வர 1976 ஆயிற்று. அதுவரை அரசே வெளியிட்ட குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகள் பலவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விகிதங்கள் இடம்பெற்றிருந்தன. பண்ணையாரின் வழக்கத்தை அரசு அச்சிட்டுக் கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

உடன்படிக்கையின் சொல்லும் சட்டத்தின் சொல்லும் ஒன்றல்ல என்பது இங்கே கருதத்தக்கது. உடன்படிக்கை ‘சம மதிப்புள்ள வேலை’ என்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை’ என்கிறது. திறன், முயற்சி, பொறுப்பு ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும், வேலைச் சூழலும் ஒத்திருக்க வேண்டும் என்று அதனை வரையறுக்கிறது. முன்னதன்படி இருவேறு வேலைகளை ஒரே தராசில் வைத்து நிறுக்கலாம். பின்னதன்படி, பெண் செய்யும் வேலையைச் செய்யும் ஓர் ஆணை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அப்படி ஓர் ஆண் இல்லாத இடத்தில் சட்டத்துக்கு ஒப்பிட எதுவும் இல்லை. இந்தச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஏறக்குறைய இதே வரையறையையே தாங்கி நிற்கிறது.

இவ்வரையறை நீட்டிப் பொருள்கொள்ளப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. மும்பையில் இயங்கிய மெக்கின்னன் மெக்கன்சி என்னும் கப்பல் நிறுவனத்தில் ‘அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தர்’ என்று பொருள்படும் பதவிப் பெயரில் பணியாற்றிய ஆட்ரி டிகோஸ்டா, ஆண் சுருக்கெழுத்தரைவிடத் தமக்கு ஊதியம் குறைவு என்று முறையிட்டார். அப்பதவியில் ஆண் ஒருவர்கூட இல்லை. அது தனி வகை. ஆகவே ஒப்பீட்டுக்கு இடமில்லை என்று நிறுவனம் வாதிட்டது. தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படியே ஊதியம் வகுக்கப்பட்டது என்பது அதன் மற்றொரு வாதம். உச்ச நீதிமன்றம் 1987இல் இவ்வாதங்களைத் தள்ளியது. அப்பதவியில் பெண்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்றால் நிர்வாகம் அவர்களை அங்கே வைத்திருப்பதுதான் காரணம். அவ்வேலைக்கெனப் பெண்ணுக்குத் தனித் தகுதியும் இல்லை, ஆண்கள் செய்யும் வேலைக்குப் பெண் என்பதால் தகுதிக் குறைவும் இல்லை என்பது நீதிமன்றம் கண்ட முடிவின் சாரம். நிறுவனத்தின் நிதி நெருக்கடி சம ஊதியத்தை மறுக்கக் காரணமாகாது என்றும் அது கூறியது. அவருக்குக் கீழ்நிலை மேல்முறையீட்டில் கணக்கிடப்பட்டிருந்த ஊதிய வேறுபாடு ரூ. 7,196.67.

இத்தீர்ப்பு போற்றத்தக்கது. எனினும் அதன் வெற்றிக்குத் துணைநின்ற சூழலையும் நோக்க வேண்டும். தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்த பெண்ணும் ஆணும் செய்தது ஒரே வேலை என்பது கண்ணுக்குத் தெரிந்தது; வேறுபட்டது பதவிப் பெயர் மட்டுமே. பெயர்த் திரையை நீக்கியதும் சமன்மை வெளிப்பட்டது. உப்பளத்தில் நீக்குவதற்குத் திரை இல்லை. அங்கே ஆணின் கையில் பலகை. பெண்ணின் தலையில் பெட்டி. தொழிற்சங்க ஒப்பந்தமே வேறுபாட்டுக்குக் கேடயமாக முன்வைக்கப்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. தோட்டத் தொழிலாளர் பற்றிப் பேசும்போது இது மீண்டும் எழும்.

‘சித்தாள்’ என்னும் சொல்

கட்டடத் தொழிலின் சொற்களில் இப்பிரிவினை படிந்து கிடக்கிறது. கல்லும் கலவையும் சுமக்கும் பெண் ‘சித்தாள்’. ‘சிற்றாள்’ என்பதன் திரிபு இது. சிற்றப்பன் சித்தப்பன் ஆனது போன்ற ஒலிமாற்றம். சுவர் எழுப்புபவர் ‘கொத்தனார்’. அச்சொல்லின் ஈற்றிலேயே மதிப்பு விகுதி ஒட்டியிருக்கிறது. ‘மேஸ்திரி’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து ஆசான் என்னும் பொருளின் நிழலை இன்னும் சுமக்கிறது. இளைஞன் ஒருவன் கையாளாகச் சேர்ந்து சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறான். இருபது வயதில் சித்தாளாகச் சேர்ந்த பெண் ஐம்பது வயதிலும் சித்தாள்தான். முப்பது ஆண்டுகள் கலவையின் பதம் பார்த்தவளின் அறிவுக்குத் தொழிலில் பெயரில்லை. பெயரில்லாத திறனுக்குக் கூலியும் இல்லை.

ஜெயகாந்தன் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்னும் தலைப்பில் (1972) இச்சொல்லை இலக்கியத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அப்படைப்பின் அக்கறை திரைப்பட மோகத்தின் மீதே சென்றது; சித்தாளின் தொழில் அங்கே பாத்திரத்தின் அடையாளமாக நின்றதேயன்றி ஆராயப்படும் பொருளாகவில்லை.

‘ஆள்’ என்னும் சொல்லே அடையின்றி வரும்போது பெரும்பாலும் ஆணைக் குறிக்கிறது. ‘நாலு ஆள் வேண்டும்’ என்றால் ஆண்கள். பெண்கள் வேண்டுமாயின் ‘பொம்பளையாள்’ என்று அடை சேர்த்தாக வேண்டும். ‘ஆள்கூலி’ என்பது முழுக்கூலி. ‘பெண்கூலி’ அதன் குறைந்த வடிவம். சட்டம் ஒழித்த வேறுபாட்டை வழக்குமொழி இன்றளவும் எளிதாகப் பேணி வருகிறது.

உப்பளத்தில் ஆணும் பெண்ணும்

ராஜம் கிருஷ்ணன் களத்துக்குச் சென்று தங்கி, மக்களோடு பழகி எழுதுவதை முறையாகக் கொண்டவர். தூத்துக்குடி உப்பளங்களைக் களமாகக் கொண்ட ‘கரிப்பு மணிகள்’ (1979) அம்முறையின் நற்பேறு. சம ஊதியச் சட்டம் வந்து மூன்றாண்டுகள் கழித்து வெளியான புதினம் இது என்பதைத் திறனாய்வுகள் பெரிதாகக் கொள்வதில்லை.

உப்பளத்து வேலை முறையைச் சற்று விரிவாகக் காண்பது தேவை. தெப்பத்தில் தேங்கி முதிர்ந்த நீரைப் பாத்திகளில் கட்டுகிறார்கள். வெயிலில் நீர் சுண்டி உப்பு விளைகிறது. விளைந்த உப்பை நீண்ட காம்புடைய வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிப்பது ஆண்களின் வேலை. குவித்ததைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்டுவது பெண்களின் வேலை. காலடியில் உப்பு, கண்ணில் வெள்ளை நிலத்தின் கூச்சம், பெட்டியிலிருந்து தலைவழியே வடியும் உப்புநீர். நாள் முழுவதும் வரப்புக்கும் மேட்டுக்குமாக நடை.

வாருவதற்கு உடல் வலிமை வேண்டும். ஆகவே ஆணுக்குக் கூடுதல் கூலி என்பது அளத்தின் நியாயம். இந்நியாயம் புதினத்தின் விவரணையின் முன் நிற்பதில்லை. நாள் முழுவதும் ஈர உப்பைத் தலையில் சுமப்பதற்கு வலிமை வேண்டாமா என்று ஆசிரியர் வாதிடவில்லை. பொன்னாச்சியின் கழுத்தையும் கால்களையும் காட்டுகிறார். அது போதுமானதாக இருக்கிறது. வலிமை என்பதே காரணமாக இருந்தால் சுமப்பவளுக்கன்றோ கூலி கூட வேண்டும்? வேலை எது என்பதைவிட, செய்பவர் யார் என்பதே கூலியைத் தீர்மானிக்கிறது என்னும் உண்மை இங்கே தானாக வெளிப்படுகிறது.

இதில் கருவியின் பங்கும் உண்டு. ஆணுக்குக் கிடைத்திருப்பது ஒரு கருவி. பெண்ணுக்கு வாய்த்த கருவி அவள் தலை. வேளாண்மையில் கலப்பையும் பின்னர் இயந்திரங்களும் ஆண் கைக்குச் செல்ல, பெண்கள் வெறுங்கை வேலையில் விடப்பட்டனர் என்பதை எஸ்தர் போசரப் 1970இல் உலகளாவிய நோக்கில் எடுத்துக்காட்டினார். உப்பளம் அதன் கடற்கரை வடிவம். கருவி உள்ள வேலைக்குத் ‘திறன்’ என்றும், கருவியற்றதற்குக் ‘கூலிவேலை’ என்றும் பெயர் வைத்துவிட்டால், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘திறன் ஒத்திருக்க வேண்டும்’ என்னும் நிபந்தனையே பெண்ணுக்கு எதிராக நிற்கும். வாருபவனும் சுமப்பவளும் இல்லாமல் ஒரு மணி உப்பும் மேட்டுக்கு வராது என்பது எந்த வரையறையிலும் இடம்பெறவில்லை.

புதினத்தின் குறையும் இவ்விடத்தில்தான் தெரிகிறது. வேலைப் பிரிவினையை இத்துணைத் துல்லியமாகக் காட்டிய ஆசிரியர், கதையின் விசையைப் பொன்னாச்சியின் தனிப்பட்ட பாதுகாப்பின் மீதும் அவளுக்கு வாய்க்கும் துணையின் மீதும் செலுத்துகிறார். மேற்பார்க்கும் ஆணின் அத்துமீறலும் கூலியின் அளவும் தனித்தனித் துன்பங்களாக நிற்கின்றன. உண்மையில் இவை ஒன்றையொன்று தாங்குபவை. சுமக்கும் வேலையில் இன்று இவள், நாளை மற்றொருத்தி. பெயர்ப் பதிவு நிலையானதன்று. அந்த நாளின் வேலையைக் கொடுப்பவனும் மறுப்பவனும் அந்த மேற்பார்வையாளனே. பெண்ணின் வேலையை எளிதில் மாற்றத்தக்கதாக வைத்திருப்பது கூலியைக் குறைக்கிறது. அதே ஏற்பாடு அவள் உடலையும் அவன் கைக்கெட்டும் தொலைவில் நிறுத்துகிறது. இத்தொடர்பை ஊன்றிப் படிப்பவர் புதினத்திலிருந்து உய்த்துணரலாம். புதினம் அதைத் தானே கோத்துக் காட்டவில்லை. ‘கற்பு’ என்னும் பழைய அச்சாணியை முழுமையாகக் கழற்ற அது தயங்குகிறது.

இத்தயக்கத்தைச் சுட்டுவதால் புதினத்தின் மதிப்பு குறைந்துவிடாது. தமிழில் ஒரு தொழிலின் பால்வழிப் பிரிவினையை அதன் கருவி, சுமை, நடை, நேரம் ஆகியவற்றோடு இவ்வளவு நெருங்கி எழுதியவர்கள் மிகச் சிலரே. ‘சேற்றில் மனிதர்கள்’ (1982) புதினத்தில் தஞ்சை வயல்களையும், ‘கூட்டுக்குஞ்சுகள்’ புதினத்தில் தீப்பெட்டித் தொழிலில் உழலும் சிறாரையும் இதே ஆசிரியர் பின்னர் எழுதியதற்குத் தூத்துக்குடியில் பெற்ற பயிற்சி கைகொடுத்திருக்கும் எனக் கொள்ளலாம்.

கூலி சமமான பின்

கூலி விகிதம் சமமாகிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா என்பதற்குத் தேயிலைத் தோட்டங்கள் விடை கூறுகின்றன. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆண் பெண் நாட்கூலி 1984இல் சமமாக்கப்பட்டது. ஆனால் மலையகத் தமிழரிடையே ஒரு நாள் கூலிக்கு வழங்கும் சொல் ‘பேர்’. கொழுந்து பறிக்கும் பெண் குறித்த எடையை எட்டாவிடில் அவளுக்கு ‘அரைப்பேர்’. கவ்வாத்து வெட்டும் ஆணுக்கும் அளவு உண்டெனினும், அவன் தன் பங்கை முடித்துவிட்டுப் பிற்பகலுக்கு முன்பே இறங்கிவிட முடியும். அவளோ மாலை எடைபோடும் வரை மலையில் நிற்க வேண்டும். நாட்கூலி ஒன்றே, நாள் வேறு. ஊதியப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

கொழுந்து பறிப்பதில் பெண்களை வைத்திருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் அவர்களின் விரல் நளினம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் வேகமும் தேர்வும் பல ஆண்டுப் பழக்கத்தால் வருபவை. ஆயினும் அவை ‘இயல்பு’ என்று பெயர் பெற்றதால் திறனாக எண்ணப்படவில்லை. சித்தாளின் கதையே இங்கும் வேறு உடையில் வருகிறது.

2015இல் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டபோது அவர்களது நாட்கூலி ரூ. 232. ஊக்கத்தொகை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். அவர்கள் நிறுவனத்தை மட்டும் எதிர்க்கவில்லை; தங்கள் பெயரால் நெடுங்காலம் ஒப்பந்தம் செய்துவந்த சங்கங்களின் ஆண் தலைவர்களையும் போராட்டக் களத்துக்கு வெளியே நிறுத்தினர். பின்னர் கூலி ரூ. 301 ஆயிற்று, அவர்கள் கேட்டது ரூ. 500. மும்பை வழக்கில் நிறுவனம் கேடயமாகப் பிடித்த சங்க ஒப்பந்தத்தையும் இதையும் இணைத்து நோக்கினால், பேரம் நடக்கும் மேசையிலும் வேலைப் பிரிவினை உண்டு என்பது விளங்கும். கொழுந்து பறிப்பவர் பெண். அதன் விலையைப் பேசுபவர் ஆண். தமிழ்ப் புனைவு இப்போராட்டத்தை இன்னும் உரிய அளவில் எதிர்கொள்ளவில்லை.

‘சங்கதி’யின் கணக்கு

பாமாவின் ‘சங்கதி’ (1994) வேறொரு வழியில் செல்கிறது. கதைத் தலைவி என்று ஒருத்தி இல்லை. பல பெண்களின் பேச்சும் நிகழ்வும் அடுத்தடுத்து வருகின்றன. புதின இலக்கணம் கொண்டு இதனைக் குறை கூறியவர்கள், இவ்வடிவம் எதைச் சாத்தியமாக்குகிறது என்பதைக் கவனிக்கத் தவறினர். ஒருத்தியின் துயரம் என்றால் விதி என்று ஒதுக்கலாம். பத்துப் பெண்களுக்கும் ஒரே குறைகூலி என்றால் அது ஏற்பாடு.

வயலில் ஒரே வேலையைச் செய்தாலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதைச் ‘சங்கதி’ நேரடியாகவே பேசுகிறது. அதற்குக் காரணம் புரியவில்லை என்னும் சிறுமியின் கேள்வியாக அது வருவதால் அதற்குக் கூர்மை மிகுதி. சட்டம் தேடும் ‘ஒரே வேலை’ இங்கே கண்ணெதிரில் இருக்கிறது. சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அது அவ்வூருக்குள் நுழையவில்லை. நிலம் ஆதிக்கச் சாதியாரிடம். கூலிக்குச் செல்பவர் தலித் பெண்கள். கேட்கப் போனால் அடுத்த நாள் வேலை இல்லை. உப்பளத்தில் சட்டத்தின் வரையறை போதவில்லை என்றால், இங்கே வரையறை பொருந்தியும் பயனில்லை. சாதியைக் கழித்துவிட்டுக் கூலி வேறுபாட்டைக் கணக்கிடும் எந்த ஆய்வும் இங்கே முடங்கிவிடும். தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் சிறுமி மைக்கண்ணியின் பகுதி, வயலுக்கு மாற்றாக வந்த ஆலையும் இதே வரிசையைத் தொடர்வதைக் காட்டுகிறது.

கூலி வீட்டுக்கு வந்த பின் என்னவாகிறது என்பதையும் பாமா விடாது பின்தொடர்கிறார். ஆண் தன் கூலியில் ஒரு பகுதியைத் தன் கைச்செலவுக்கு எடுத்துக்கொள்கிறான்; பெண்ணின் கூலி முழுவதும் உலையில் விழுகிறது. இதனை இந்தியக் கூலிக் கொள்கையின் ஓர் ஆவணத்தோடு ஒப்பிடலாம். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் உழைக்கும் குடும்பத்தை ஒரு சம்பாதிப்பவருக்கு மூன்று நுகர்வு அலகுகளாகக் கணக்கிட்டது. வழக்கமான பகுப்பில் ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, குழந்தைகள் இருவருக்கும் தலா 0.6. பெண்கள், சிறுவர்கள் ஆகியோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்றும் அம்மாநாடு கூறியது. நோக்கம் நல்லதே, ஒருவர் உழைப்பில் குடும்பம் வாழத்தக்க கூலி வேண்டும் என்பதே அது. ஆனால் அக்கணக்கின் அடியில் இருக்கும் குடும்பச் சித்திரத்தில் சம்பாதிப்பவன் ஆண். பெண்ணின் வருவாய் துணை வருவாய். துணை வருவாய்க்கு முழுக்கூலி எதற்கு என்னும் எண்ணம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ‘சங்கதி’யின் வீடுகளில் உண்மை நேர்மாறாக இருக்கிறது. அரிசி வாங்குவது கணக்கில் சேராத அந்த வருவாய். கணக்கில் சேர்ந்த ஆணின் வருவாய் வீடு வருமென்று உறுதியில்லை.

‘சங்கதி’யைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் மொழிநடை, தலித் பெண்ணியம், பெண்களின் எதிர்க்குரல் ஆகியவற்றைப் பேசுகின்றன. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் இப்படைப்பில் எண்கள் வரும் இடங்களைத் தொகுத்து வாசித்தால் மற்றொரு நூல் தெரிகிறது. மாரியம்மாவின் பகுதி இதற்குச் சான்று. கூலிவேலையில் அடிபட்டுத் தேறியவள் அவள். விறகு பொறுக்கித் திரும்பும் வழியில் பம்புசெட்டு அருகே நிலக்காரர் அவளைப் பிடித்திழுக்க, தப்பி ஓடுகிறாள். நிலக்காரர் முந்திக்கொண்டு, அவளும் மாணிக்கம் என்னும் இளைஞனும் தவறாக நடந்ததாக ஊர்த் தலைவரிடம் சொல்லிவிடுகிறார். இரவில் ஊர்க்கூட்டம். பெண்கள் பேச முயன்றால் அதட்டி அடக்கப்படுகிறார்கள். உண்மையைச் சொன்னால் நிலக்காரரின் வயலில் எவருக்கும் வேலை இராது என்பது கூடியிருந்த ஆண்களுக்குத் தெரியும்.

தண்டம் விதிக்கப்படுகிறது: மாணிக்கத்துக்கு ரூ. 100; மாரியம்மாவுக்கு ரூ. 200. கூலி கொடுக்கும்போது ஆணை முழு ஆளாகவும் பெண்ணைக் குறை ஆளாகவும் எண்ணிய ஊர், தண்டம் வாங்கும்போது பெண்ணை இரண்டு ஆளாக எண்ணுகிறது. மாணிக்கம் தன் நூறு ரூபாயை ஆண்கூலியில் அடைப்பான். மாரியம்மா இருநூறு ரூபாயைப் பெண்கூலியில் அடைக்க வேண்டும். இரட்டைத் தொகையைக் குறைந்த கூலியில் திரட்ட அவளுக்கு அவனைவிட இருமடங்குக்கும் மேலான வேலைநாட்கள் தேவைப்படும். அந்த நாட்களுக்கான வேலையைக் கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுள் அந்த நிலக்காரரும் ஒருவர்.